பூங்கோதை அழ மாட்டேங்கா

சங்குமொனைன்னு ஒரு ஊரு. தூத்துக்குடிக்குத் தெக்க, பஸ்ஸெல்லாம் ஆரன மட்டும் அடிச்சிட்டு நிக்காமப் போற எடத்துல கெடக்கு. சுத்தி உப்பளம், நடுவுல ஒரு கோயிலு, ஒரு சர்ச்சு, ஒரு டீக்கடை, அதத் தாண்டி அளத்து மொதலாளி தங்கப்பழம் கட்டி விட்ட லைன் வீடு, அந்த லைன் வீட்டுல வடக்க இருந்து வந்தாலும் தெக்க இருந்து வந்தாலும் நட்டநடுவுல வர்ற வீட்டுல சண்முகக்கனின்னு ஒருத்தி. அவ வாயப் பத்தி ஊருல என்ன சொல்லுவாவன்னா, கடவுளு ரெண்டு பேருக்குன்னு எடுத்து வச்சத ஞாபகப் பிசகா ஒருத்திக்கே குடுத்துட்டாராம். "அந்த இன்னொருத்தன் நாந்தாம்"னு அவ புருசன் இசக்கிமுத்து தலையத் தொங்கப்போட்டுச் சொல்லுவாரு. அவ்வளவுதான் அவரு ஒரு நாளைக்குப் பேசுற பேச்சு.

அந்த ஊருல தெனமும் ஏழரை மணிக்கு 'பூங்கோதையின் பொறுமை'ன்னு ஒரு சீரியலு. பூங்கோதைன்னு ஒரு மருமக, அவளுக்கு மங்களத்தம்மான்னு ஒரு மாமியா, பிரபாகர்னு ஒரு புருசன். புருசன்னா சோபா வாங்கும்போது கூட வந்த மாதிரி ஒருத்தன். ஆத்தா பேசுனா தலைய ஆட்டுவான், பொண்டாட்டி பேசுனா செல்போனப் பாப்பான். மங்களத்தம்மா பண்ணாத கொடும இல்ல. பாயசத்துல பல்லியப் போட்டுட்டுப் பூங்கோதை மேல பழியப் போடுவா, மாடிப்படியில எண்ணெய ஊத்துவா, ஊத்துறதுக்கு முன்னாடி நம்மளப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிப்பா. பூங்கோதை என்ன செய்வா? தூணப் பிடிச்சிக்கிட்டு அழுவா. சாமி படத்துக்கு முன்னாடி அழுவா. துணி காயப்போடும்போது ஈரத்துணியோட ஈரத்துணியா அழுவா. வெளம்பரத்துல ஒருத்தன் தொண்டையக் கட்டிக்கிட்டு, "பெண்மையின் பலம்... பூங்கோதை!"ம்பான். பலம் கண்ணு வழியா ஒழுகிக்கிட்டே இருக்கும்.

லைன் வீட்டுப் பொம்பளையளுக்கு ஒரு பழக்கம். பகலெல்லாம் வெயில்ல உப்பு வாரி, வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு எரிஞ்சி, வீட்டுக்கு வந்து சோத்தப் பொங்கி வச்சிட்டு டிவி முன்னாடி ஒக்காந்தா, சும்மா பாக்க மாட்டாவ, கூடப் பேசுவாவ. "ஏட்டி, அந்தப் பாலக் குடிக்காத, மாத்திர போட்டுருக்கா"ம்பா ஒருத்தி. "கழுத முண்ட, நீ நல்லா இருப்பியா"ன்னு மாமியாள ஏசுவா இன்னொருத்தி. பகல்ல மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததெல்லாம் அந்த அரமணி நேரத்துல வெளிய வந்துரும். அதுல கனி பேசுறதுதான் ரொம்ப விசேசம். பக்கத்து வீட்டு எஸ்தரு தன் டிவியில சத்தத்தக் கொறச்சி வச்சிட்டு, செவுத்துல காத ஒட்ட வச்சிக்கிட்டு, படத்தத் தன் வீட்டுலயும் வசனத்தக் கனி வீட்டுலயும் கேப்பா.

அப்பிடி இருக்கும்போது ஒரு ஆவணி மாசம், பூங்கோதையோட அப்பா செத்துப் போனாரு. சாவுக்குப் போறேன்னு கெளம்புனவள மங்களத்தம்மா போக விடாம, மொதல்ல பாத்திரத்த வெளக்கிட்டுப் போன்னா, அவளும் கரிப்பானைய வெளக்கிக்கிட்டே அழுதா பாருங்க, அன்னைக்குத்தான் சங்குமொனையில இருந்த அத்தன டிவிலயும் கீழ் ஓரத்துல இருந்து தண்ணி சொட்டிச்சி.

யாரும் பெருசா எடுத்துக்கல. பழைய துணியக் கொண்டாந்து தொடச்சாவ. மறுநாளும் சொட்டவும் ஈயச் சட்டிய வச்சாவ. டிவி மெக்கானிக்கு செல்வின் வந்து பின்னாடி கழத்திப் பாத்துட்டு, "பேனலுக்கு வேர்க்குது, காத்தோட்டமா வைங்க"ன்னு சொல்லிட்டுக் காப்பிய வாங்கிக் குடிச்சிட்டுப் போனான். எஸ்தரு வெரல விட்டு நக்கிப் பாத்துட்டு, "யக்கா, கரிக்கி"ன்னா. கனியும் நக்கிப் பாத்தா. "கண்ணீருட்டி"ன்னா. "அதான பாத்தேன்"னு எஸ்தரு துணிய எடுக்கப் போயிட்டா. அவ்வளவுதான் அந்த ஊருல அதப் பத்தி நடந்த ஆராய்ச்சி.

மொதலாளி தங்கப்பழம் அப்பிடி விடுற ஆளா? வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி, உள்ள மட்டும் வேற கலரு. அந்த வருசம் அவரு அளத்துப் போருல தண்ணி கீழ போயிட்டு, மோட்டாரப் போட்டா வெறும் காத்துதான் பூஸ்சு பூஸ்சுன்னு வந்துச்சி. ஈயச் சட்டித் தண்ணிய வெயில்ல வச்சிப் பாத்தாரு, பொழுது சாயிறதுக்குள்ள மல்லியப்பூ மாதிரி உப்பு நிக்கி. மறுவாரமே ஒவ்வொரு வீட்டு டிவிக்கும் அடியில ஒரு தகரத் தொட்டி, தொட்டியில இருந்து செவுத்தத் தொளச்சி ஒரு குழாய், குழாயெல்லாம் தெருவுல ஒண்ணு சேந்து வாய்க்காலாகி உப்புப் பாத்திக்குப் போவுது. தெருவுல நடந்தா காலடியில பூங்கோதை சலசலன்னு ஓடுவா. அந்த உப்புக்கு வெளியூருல அப்பிடி ஒரு கிராக்கி. அதப் போட்ட ஊறுகாயத் தொட்டுக்கிட்டவனெல்லாம் காரணமே இல்லாம எந்திரிச்சிப் போயி ஆத்தாவுக்குப் போன் பண்ணான்.

அதுல ஒரு சங்கதி, பொம்பள பாத்தாத்தான் தண்ணி வரும். ஆம்பள தனியா ஒக்காந்து பாத்தா ஒரு சொட்டு கெடையாது. தங்கப்பழமே காலு மேல காலப் போட்டு ஒக்காந்து பாத்தாரு, டிவி தூசிதான் விட்டுச்சி. பென்டிரைவுல பதிஞ்சி போட்டுப் பாத்தாரு, அதுவும் வரல. அதனால மொதலாளி ஒரு ஏற்பாடு பண்ணாரு. ஆம்பளைய பாத்திக்குப் போயி உப்பு வாரணும், பொம்பளைய வீட்டுல ஒக்காந்து சீரியலு பாக்கணும். காலையில முந்தின நாளு கதைய டிவிக்காரன் மறுபடி போடுவான், மத்தியானமும் அதையே போடுவான், ராத்திரிக்குப் புதுசு. மூணு நேரமும் பாக்கணும், அதான் வேல, அதுக்குத்தான் கூலி.

சிரிக்காதிய. அந்தப் பொம்பளையளுக்கு அது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்து வெயில்ல நின்னவளுவ. எஸ்தரு காலு பித்தவெடிப்புல பாளம் பாளமாக் கெடக்கும், உப்புத் தண்ணிய மிதிக்கும்போது உசுரு போயிட்டு வரும். நெழல்ல ஒக்காந்த கொஞ்ச நாள்லயே அந்த வெடிப்பெல்லாம் மூடி, காலு பச்சப்பிள்ளக் காலு மாதிரி ஆயிட்டு. அவ அதத் தடவித் தடவிப் பாப்பா. "யக்கா, என் காலா இதுன்னு சந்தேகமா இருக்கு, ராத்திரியில யாரும் மாத்தி வச்சிட்டாவளோ"ம்பா.

தங்கப்பழம் மெட்ராசுக்குக் காரெடுத்துப் போயி சீரியலு டைரக்டரப் பாத்து, எங்க ஊருல பூங்கோதை அழுதா சனங்களுக்கு அவ்வளவு பிடிக்கி, இன்னும் கொஞ்சம் அழ விடுங்கன்னு ஒரு பெரிய மால போட்டுட்டு வந்தாரு. டைரக்டருக்கு உச்சி குளுந்துட்டு. அந்த வாரமே மங்களத்தம்மா சூட்டுக்கோல எடுத்தா. வாய்க்கால்ல தண்ணி கரைய ஒடச்சிக்கிட்டு ஓடிச்சி.

அன்னைக்குத்தான் கனிக்குச் சோறு எறங்கல. இசக்கிமுத்து, "என்னட்டி"ன்னாரு.

"அவளுக்குச் சூடு வச்சிருக்கா, தெருவுல ஒருத்தன் ஜோரா ஓடுதுன்னு கையத் தட்டுதான். கேக்கலியா ஒமக்கு?"

"படந்தான..."

"படம்னா தண்ணி ஏன்வே கரிக்கி?"

இசக்கிமுத்து எந்திரிச்சிப் போயி தொட்டியில வெரல விட்டு நக்கிப் பாத்தாரு. கரிச்சிச்சி.

மறுநாளு ஏழரைக்கு, மங்களத்தம்மா நடு வீட்டுல நின்னுக்கிட்டு, "என் வைரத் தோட்டக் காணோம், நீதான் எடுத்த"ன்னு பூங்கோதையப் பிடிச்சிக்கிட்டா. பூங்கோதைக்கு ஒதடு துடிக்கி, கண்ணு நெறையிது, தொட்டியில தண்ணி விழுற சத்தம் கேக்க ஆரம்பிக்கப் போவுது. கனிக்குப் பொறுக்கல. வாயில இருந்த சோத்தோட, "ஏட்டி கூறுகெட்டவளே! பீரோ சாவி அந்தச் சிறுக்கி இடுப்புலதானட்டி தொங்குது! மொதல்ல நீ பீரோவத் தொறந்து காமின்னு கேளுட்டி!"ன்னு போட்டா ஒரு சத்தம்.

பூங்கோதை திரும்பிப் பாத்தா.

மங்களத்தம்மாவப் பாக்கல, பிரபாகரப் பாக்கல. கனியப் பாத்தா. வடக்குக் கோடி வீட்டுல பாத்துக்கிட்டு இருந்தவ சொன்னா, பூங்கோதை தெக்க திரும்புனான்னு. தெக்குக் கோடி வீட்டுக்காரி சொன்னா, வடக்க திரும்புனான்னு. எந்த வீட்டு டிவியில பாத்தாலும் அவ மூஞ்சி கனி வீட்டப் பாத்துத்தான் திரும்புச்சி. அப்பிடியே கண்ணத் தொடச்சிட்டு, மாமியாகிட்ட, "பீரோ சாவி உங்ககிட்டதானே இருக்கு அத்தை? தொறந்து காட்டுங்க"ன்னா. பின்னாடி வயலினு வாசிச்சவன் பாதியில நிறுத்திட்டான். மங்களத்தம்மாவுக்கு என்ன வசனம் பேசுறதுன்னு தெரியல. தெருவுல குழாயெல்லாம் வறண்டு போயி, ஒரு தவள வெளிய வந்து நாலு பக்கமும் பாத்துச்சி.

செவுத்துக்கு அந்தப் பக்கம் எஸ்தரு, "யக்கா! அவளுக்குக் கேட்டுட்டு!"ன்னா.

அன்னையில இருந்து கனி சொல்லுவா, பூங்கோதை கேப்பா. மாமியா கரண்டியத் தூக்குனா கையப் பிடிம்பா, பிடிப்பா. டைரக்டரு தங்கப்பழத்துக்குப் போனப் போட்டு, "சார், நான் எழுதிக் குடுக்குறது ஒண்ணு, அவ பேசுறது ஒண்ணு. கேட்டா, ஒங்க ஊர்ல யாரோ அக்கா சொன்னாங்கங்கிறா"ன்னு அழுதாரு. அவரு அழுது என்னத்துக்கு ஆவ, அதுல உப்பு எடுக்க முடியுமா?

பாத்தி காஞ்சிச்சி. லைன் வீட்டுல கனிகிட்ட யாரும் பேசல. நல்ல தண்ணி பிடிக்கப் போனா குடத்த நகட்டி வச்சாளுவ. எஸ்தரு மட்டும் வந்து வாசல்ல நின்னா.

"யக்கா, நான் கெஞ்சிக் கேக்கேன். அவ அழுவட்டும். அவ ஒருத்தி அழுதா நாம இத்தன பேரு நெழல்ல இருக்கலாம்ல. என் காலப் பாருக்கா."

கனி அவ காலப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. குனிஞ்சி அந்தக் குதிகால ஒரு தடவு தடவுனா.

"நல்ல காலுட்டி"ன்னா கனி கடைசியில. "அவளுக்கும் கை இருக்கு, சூடு வச்ச கை. அதையும் பாத்தல்லா நீயி?"

எஸ்தரு சேலைய எறக்கிக் காலப் பொத்திக்கிட்டுப் போயிட்டா.

வெள்ளிக்கெழம பெரிய கதன்னு வெளம்பரம் போட்டான். பிரபாகரு வேற ஒருத்தியக் கெட்டிக் கூட்டிட்டு வாரான், பூங்கோதைதான் ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடணும்னு மங்களத்தம்மா சொல்லிட்டா. அதுக்கு அவ அழுவுற அழுகையில வருசத்துக்கே உப்பு வந்துரும்னு தங்கப்பழம் பாத்தியெல்லாம் மிதிச்சிச் சுத்தம் பண்ணி வாய்க்கால அகலம் பண்ணாரு. சாயங்காலம் ஆறு மணிக்கே ஊரையே கூட்டிக்கிட்டு கனி வீட்டுக்கு வந்துட்டாரு. டீக்கடையில இருந்து நாற்காலி வந்துச்சி. கையில ஒரு பொட்டலம் அல்வா.

"இந்தா கனி, இத வாயில போட்டுக்கிட்டு ஒக்காரு. சீரியலு முடியிற வரைக்கும் முழுங்காத. இல்ல, வாயத் தொறந்தேன்னா 'அழுட்டி'ன்னு ஒரு வார்த்த சொல்லு, அவ ஒஞ்சொல்லத்தான் கேக்கா. ரெண்டும் முடியாதுன்னா நாளைக்குக் காலையில சட்டி பானைய எடுத்து வெளிய வச்சிரு. வீடு என்னுது."

"அழச் சொல்லி நான் சொல்லணுமா அண்ணாச்சி?"

"அழுவுறது என்ன கேவலமா? பொம்பளைக்கு அதாம்மா பலம். எவ்வளவு வந்தாலும் தாங்குறா பாரு, அவதான் பலசாலி."

"தாங்குறதுக்கு அவ என்ன வீட்டு உத்தரமா அண்ணாச்சி? உத்தரத்துக்கே நடுவுல ஒரு முட்டுக் குடுப்பாவ."

"கனி, வாயி..."

"அல்வாவக் குடுங்க."

வாங்கி வாயில போட்டா. நெய்யா வழுக்கிக்கிட்டு ஓடுற அல்வா. அதக் கன்னத்துல அடக்கிக்கிட்டு ஒக்காந்தா. இசக்கிமுத்து செவுத்தோரமா நின்னுக்கிட்டு வீட்டு ஓட்டப் பாத்தாரு, கதவப் பாத்தாரு, அடுப்பப் பாத்தாரு. தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் பொம்பளைய டிவி முன்னாடி ஒக்காந்துட்டாவ. ஆம்பளைய வாய்க்கா ஓரமா மம்பட்டியோட நிக்காவ.

ஏழரை ஆச்சி. பூங்கோதை வீட்டு வாசல்ல காரு வந்து நின்னுச்சி. மாலையும் கழுத்துமா பிரபாகரு எறங்குனான், பின்னாடி புதுப்பொண்ணு எறங்குனா, அவ பாவம் நெலத்தையே பாத்துக்கிட்டு நின்னா. மங்களத்தம்மா சந்தோசம் தாங்காம படியிறங்கி ஓடிப் போயி மகனுக்கும் புது மருமகளுக்கும் நடுவுல நின்னு ரெண்டு பேரு கையையும் பிடிச்சிக்கிட்டு, "பூங்கோதை! ஆரத்தி எடுடீ!"ன்னா. பூங்கோதை தட்டோட வாசல்ல வந்து நின்னா. மஞ்சத் தண்ணி, சுண்ணாம்பு, நடுவுல சூடம் எரியிது. கண்ணு நெறைஞ்சி நிக்கி, ஒரு சொட்டு விழுந்தா அடுத்தது ஆறாட்டம் வந்துரும். அப்பிடியே மெதுவாத் திரும்பி கனியப் பாத்தா.

ஊரே கனியப் பாத்துச்சி.

"ஏட்டி, வீடுட்டி"ன்னாரு இசக்கிமுத்து, சத்தமே இல்லாம.

கனி அல்வாவ முழுங்குனா. தொண்டையில அது எறங்குறது தங்கப்பழத்துக்குக் கூடத் தெரிஞ்சிச்சி.

"ஏட்டி பூங்கோதை, கேளு"ன்னா. "இத்தன நாளும் அந்தக் கிழவி சொன்னா, நீ கேட்ட. அப்புறம் நான் சொன்னேன், அதையும் கேட்ட. இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி. அழணும்னா அழு. அழ வேண்டாம்னா வேண்டாம். எங்களுக்கு நெழலு வேணும்னு நீ ஒண்ணும் அழ வேண்டாம், எங்க நெழல நாங்க தேடிக்கிடுவோம்."

"யக்கா சொல்லுதது சரிதான்!" இது செவுத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து, எஸ்தரு. அழுதுக்கிட்டேதான் சொன்னா. அப்புறம் அதுக்கு அந்தப் பக்கத்து வீடு, அப்புறம் அதுக்கும் அந்தப் பக்கம், லைன் வீடு பூரா, "செய்யிட்டி, செய்யிட்டி"ன்னு சத்தம் ஓடு மேல ஓடிச்சி.

பூங்கோதை குனிஞ்சி தட்டப் பாத்தா. சூடத்த ஊதி அமத்துனா. ஆரத்திக்காக மாமியா, புருசன், புதுப்பொண்ணு மூணு பேரும் படிக்கு வெளிய நிக்காவ. வீட்டுக்குள்ள நிக்கிறது அவ ஒருத்திதான். இத்தன வருசத்துல அப்பிடி ஒரு நெலம வந்ததே இல்ல, மங்களத்தம்மா தன் சந்தோசத்துல அத யோசிக்காம விட்டுட்டா. பூங்கோதை தட்டப் படியில வச்சா. புதுப்பொண்ண மட்டும் பாத்து, "நீ எப்ப வேணும்னாலும் கதவத் தட்டலாம்மா, தனியா வந்தா"ன்னா. அப்புறம் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டா.

அந்தத் தாப்பா விழுந்த சத்தம் கடக்கரை வரைக்கும் கேட்டதா மீன்காரங்க சொன்னாவ.

தங்கப்பழம் நாற்காலியில இருந்து எந்திரிச்சாரு. மூஞ்சி கறுத்துப் போச்சி. "உப்பு? ஏ கனி, என் உப்பு?"

"உப்பு வேணும்னா நீங்க அழுங்க அண்ணாச்சி."

யாரோ ஒருத்தி பக்குன்னு சிரிச்சா. தங்கப்பழம், "நாளைக்கு இல்ல, இப்பமே காலி பண்ணு! ஏல, சட்டி பானைய எடுத்து வெளிய போடுங்கல!"ன்னு கத்துனாரு. எடுத்து வீசுறதுக்கு எவன் வருவான்னு ஆம்பளைய ஒருத்தர ஒருத்தர் பாத்தாவ. அப்பம் இசக்கிமுத்து, பொறந்ததுல இருந்து எவனையும் எதுத்துப் பேசாத மனுசன், முன்னால வந்து நாற்காலியத் தூக்கி மொதலாளி கையில குடுத்து, "டீக்கடைக்காரரு தேடுவாரு"ன்னாரு. கூட்டத்தத் தள்ளிக்கிட்டு அவரும் வெளிய போயிட்டாரு. கனி கதவச் சாத்துனா. தாப்பாப் போட்டா. பக்கத்துல எஸ்தரு வீட்டுக் கதவு, அதுக்குப் பக்கத்துக் கதவு, டப்பு டப்புன்னு வடக்குக் கோடி வரைக்கும் தெக்குக் கோடி வரைக்கும் எல்லாம் சாத்திக்கிட்டு. தெருவுல ஆம்பளையளும் மம்பட்டியும் மொதலாளியும் நாற்காலியும் மட்டும் நின்னாவ.

கதவு தொறக்கல. விடிஞ்சும் தொறக்கல, மறுநாளு பொழுது அடைஞ்சும் தொறக்கல. ஆம்பளைய டீயா குடிச்சி வயித்தெரிச்சல்ல கெடந்தாவ. கதவு வழியா எஸ்தரு ஒரே ஒரு வார்த்த சொன்னா: எவளையும் வீட்ட விட்டு எறக்கக் கூடாது, பாத்திக்கு நடுவுல ஓலக் கொட்டக போடணும், நெழலும் வேலையும் ஒண்ணா வேணும். அது ஒரு வார்த்தையான்னு கேக்காதிய, அவ மூச்சு விடாமச் சொன்னா. கடைசியில வேற வழியில்லாம தங்கப்பழம், செலவானாலும் போவுதுன்னு ஓடையில இருந்து கடத்தண்ணிய எறைக்கச் சொன்னாரு, ஓலையும் கம்பும் வண்டியில வந்து எறங்குச்சி. அதச் சன்னலு வழியாப் பாத்த பொறவுதான் தாப்பா ஒண்ணொண்ணா நீங்குச்சி. எஸ்தரு காலுல மறுபடியும் வெடிப்பு வரத்தான் செஞ்சிச்சி. ஆனா உச்சி வெயில்ல கொட்டகையில கால நீட்டி ஒக்காந்துக்கிட்டு, "இது என் காலுதான், சந்தேகமே இல்ல"ம்பா.

சீரியலு என்னாச்சின்னு கேப்பிய. கதவு சாத்துன மறுநாளு, தெருவுல அத்தன ஆம்பளையளும் பசியோட நிக்கும்போது, உள்ள ஏழரைக்குப் போட்டான். மங்களத்தம்மாவும் பிரபாகரும் வெளிய கதவத் தட்டு தட்டுன்னு தட்டுதாவ. புதுப்பொண்ணக் காணோம், எந்தப் பக்கமா உள்ள போனாளோ. பூங்கோதை அடுப்படியில இருந்து ஆவி பறக்கச் சோத்தக் கொண்டாந்து மேசையில வச்சா, நடு நாற்காலியில ஒக்காந்தா, சாப்பிட ஆரம்பிச்சா. வயலினு இல்ல, வசனம் இல்ல. இத்தன வருசமா எல்லாருக்கும் பரிமாறுனவ, அவ சாப்பிட்டு யாரும் பாத்ததே இல்ல. மெதுவா, பெசஞ்சி, ஒவ்வொரு வாயா, அப்பளத்த நொறுக்கி, அந்த அரமணி நேரமும் அதையே காட்டுனான், லைன் வீட்டுப் பொம்பளைய கண்ணு கொட்டாமப் பாத்தாளுவ.

பாதியில பூங்கோதை கை நின்னுச்சி. தட்டப் பாத்தா, கொழம்புச் சட்டியப் பாத்தா.

"ஊத்திக்கட்டி"ன்னா கனி. "எவ கேக்கப் போறா."

ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டா.